கட்டைவிரல் பட்ட இடம்

பள்ளி விடுமுறை விட்டால் போதும், அப்பாவின் ரயில்வே பாஸில் கிள்ளானில் அத்தை வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். பிரிக்பீல்ட்ஸ் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. கோலாலம்பூர் ஸ்டேஷனில் ஏறினால் சிலாங்கூரின் முதல் ரயில் பாதையில், 1886-இல் போட்ட அந்தப் பழைய வழியில், ஆடி அசைந்து போகும் வண்டி. என் மடியில் ஒரு சாக்குப்பை இருக்கும். அதற்குள் பழைய சேலைத் துணியில் சுற்றிய காலிப் போத்தல்கள். ஒன்றோடொன்று இடிக்காமல் கிள்ளான்வரை பிடித்துக்கொள்வது என் பொறுப்பு.

அம்மா செய்து தரும் முறுக்கைவிட அந்தப் பையைத்தான் அத்தை ஆவலாகப் பிரிப்பார்.

அந்த நாளில் காலிப் போத்தலை யாரும் வீசமாட்டார்கள். ஆரஞ்சுத் தண்ணிப் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் கிடைக்கும். மற்றவற்றைப் பழைய பேப்பர் வாங்க வரும் சீனக் கிழவருக்குப் போடலாம். ரோஸ் சிரப், கிச்சாப், பிள்ளை பெற்ற வீட்டு பிராந்தி என்று வடிவான போத்தல்களை மட்டும் அம்மா அவர் கண்ணில் படாமல் ஒதுக்கி வைப்பார். நாத்தனாருக்கு!

அத்தை வீட்டுப் பின்கட்டில் முதல் நாள் முழுவதும் ஊறல்தான். வெந்நீரில் சோடா உப்பைப் போட்டு அமுக்கி வைத்தால் மாலைக்குள் லேபில் தோல் உரிவதுபோல் கழன்று வரும். மிச்சம் பிசுபிசுக்கும் பசைக்குத் தேங்காயெண்ணெய். பிறகு அந்த எண்ணெய் போக சோப்பு, கடைசியில் வினிகர். காய்ந்ததும் மேலே உப்புத்தாளை லேசாக ஓட்டுவார். கண்ணாடி வழுவழுப்பானது, சாயத்தை உறிஞ்சாது. கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் பிடிப்பு. போத்தலின் வாய்க்குள் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி, தலைகீழாகத் தூக்கிப் பிடித்து வெள்ளைப் பூச்சு அடிப்பார். விரல் எங்கும் படாது.

"கை எண்ணெ பட்டா பெயிண்டு நிக்காதுய்யா" என்று ஒவ்வொரு போத்தலுக்கும் சொல்வார்.

நிறங்களை அவர் கோயிலிலிருந்து கொண்டுவந்தார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில், 1892-இல் எழுந்த சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனால் மாலைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். துளசிப் பச்சை, சாமந்தி மஞ்சள், அரளிச் சிவப்பு. வீட்டுக்கு வந்ததும், போர்டு எழுதும் பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த டின் அடி பெயிண்டுகளைக் கலந்து அதே நிறத்தைப் பிடித்துவிடுவார். தீக்குச்சியின் மருந்தில்லாத முனையை முக்கி, போத்தலைச் சுற்றிப் புள்ளி வைப்பார். புள்ளிகளைச் சுற்றிக் கோலத்துச் சிக்கு ஓடும். அடியில் இரண்டு பிடி மணல் போட்டால் காற்றுக்குச் சாயாது. தண்ணீர் ஊற்றி, வாசலில் பூத்த காகிதப்பூவைக் கொத்தாகச் செருகிச் சாமி மேடையில் வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்ப்பார். கிச்சாப் போத்தலா அது என்று எனக்கே சந்தேகம் வரும்.

ஒரு முறை, குளித்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு ஒரு பச்சைப் போத்தலை எடுத்துத் தூக்கிப் பார்த்தேன். கழுவி வைத்தது என்று தெரிந்தும் சொல்லவில்லை. அத்தை அதன்மேல் பூசினார். சில மாதத்தில், கழுத்துக்குக் கீழே விரல் அகலத்துக்கு வெள்ளை உரிந்து பச்சைக் கண்ணாடி தெரிந்தது. அழுதேவிட்டேன். மறுபடி பூசித் தரச் சொன்னேன்.

"வேணாம்யா. இதுல நம்ம வீட்டுப் புள்ள கை இருக்கு" என்றார். அந்தப் பக்கத்தை முன்னால் திருப்பி வைத்தார்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை இன்று இல்லை. அத்தையும் இல்லை. கிள்ளான் வீட்டைக் காலி செய்தபோது நான் கேட்டு வாங்கியது அந்தப் போத்தலை மட்டுந்தான். இப்போதும் காகிதப்பூ வைக்கிறேன். தண்ணீர் மாற்றும்போது கட்டைவிரல் தானாக அந்த இடத்துக்குப் போகிறது. பொருந்தவில்லை, விரல் பெரிதாகிவிட்டது.