'இம்' படுத்திய பாடு

என் மகளுக்கு ஐந்து வயசு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 எழுத்துக்களும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டுக்கு யார் வந்தாலும் நிற்க வைத்து ஒப்பிக்கச் சொல்வேன். பெருமைதான், வேறென்ன!

அந்தப் பெருமை ஒரு நாள் மாலை காற்றில் பறந்தது. புத்தகத்தில் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "இதைப் படி, கண்ணு" என்றேன். விரலை வைத்து, "ப... இம்... ப... ர... இம்" என்றாள்.

"சேர்த்துச் சொல்லு."

"பயிம்பரயிம்!"

மடியில் பம்பரத்தை வைத்துக்கொண்டே, "அப்படீன்னா என்னம்மா?" என்று கேட்டாள்! பத்துத் தரம் சொல்லச் சொன்னேன். பத்துத் தரமும் பயிம்பரயிம்தான். ஆபீஸிலிருந்து வந்த அலுப்பு வேறு. முதுகில் பளீரென்று ஒன்று வைத்துவிட்டேன்.

குழந்தை அழக்கூட இல்லை. புத்தகத்தை மூடிவிட்டுப் பாட்டியிடம் போய் ஒட்டிக்கொண்டாள். அப்புறம் நாலு நாள், நான் புத்தகத்தைத் தொட்டாலே வாசலுக்கு ஓடினாள். அடித்ததைவிட அந்த ஓட்டந்தான் என்னை உறுத்திற்று.

ஐந்தாம் நாள் சமையலறையில் ஒரே சிரிப்பு. என் மாமியார் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அவரையிலே 'அ'வை நான் தின்னுட்டேன். மிச்சம் என்னடி?"

"வரை!"

"தவளையிலே 'த'வைத் தின்னுட்டா?"

"வளை! பாட்டி, தவளை வளைக்குள்ளே போயிடுச்சு!"

எனக்குச் சுருக்கென்றது. சொல்லைப் பிரித்துக் கேட்க அவள் காதுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லிக் கொடுக்க எனக்குத்தான் தெரியவில்லை. 'இக், இங், இச்' என்பவை எழுத்தின் பெயர்களே தவிர ஒலிகள் அல்ல. சொல்ல வசதியாக முன்னால் ஓர் 'இ'யை ஒட்டியிருக்கிறோம். அந்த 'இ'யையும் சேர்த்துப் படித்தால் பம்பரம் எப்படிச் சுழலும்? போதாக்குறைக்கு, முதல் 'ப' அழுத்தமாக ஒலிக்கிறது. 'ம்'முக்கு அடுத்த 'ப' மெத்தென்று ஒலிக்கிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு!

அன்று முதல் எங்கள் வீட்டில் புத்தகத்துக்கு முன்னால் விளையாட்டு. உதட்டை மூடி 'ம்ம்ம்' என்று முனகுவோம்; 'இம்' கிடையாது. "'ப' சொல்லிக்கொண்டே வாயை மூடு" என்றால் 'பம்' தானாக வந்துவிடுகிறது. தலை வாரும்போது 'க'வில் தொடங்கும் சாமான்களைத் தேடுவோம்: கதவு, கரண்டி, கண்ணாடி. படம், பாடம், பல், பால் என்று சொல்லி, முதலெழுத்து குறிலானால் விரலை ஒரு தரம் சொடுக்குவோம், நெடிலானால் இரண்டு தரம். மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவாகச் சொன்னவர் தொல்காப்பியர். ஆகவே, சகோதரிகளே, இது ஏதோ புதுமோஸ்தர் என்று பயப்பட வேண்டாம்! பத்து நிமிஷம் போதும். குழந்தை கொட்டாவி விட்டால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

சென்ற வாரம் அவளாகவே புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் உட்கார்ந்தாள். "பம்... பரம்... பம்பரம்! அம்மா, என் பம்பரம்!"

பிறகு என் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இனிமே இது சொடுக்கத்தானேம்மா?"

"ஆமாம், கண்ணு" என்றேன்.