பழைய லென்ஸும் பாட்டியின் கைகளும்

மலேசியத் தோட்டத் தமிழர்களின் பழைய வாழ்க்கையை யாரும் படம்பிடித்து வைக்கவில்லை என்று நம்மில் பலர் வருந்துவதுண்டு. அது முழு உண்மையன்று. படம்பிடித்தவர்கள் இருந்தார்கள். கேமராதான் நம்மவர் கையில் இல்லை.

1923ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் 16 மி.மீ. படச்சுருளை அறிமுகப்படுத்தியது. அதன் பிறகுதான் திரைப்படக் கேமரா ஸ்டூடியோவை விட்டு வசதியுள்ளவர்களின் வீடுகளுக்குள் வந்தது. அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ஆக, நம் தேயிலைத் தோட்டங்களும் சிறிய சினிமாக் கேமராவும் ஏறக்குறைய ஒரே வயதினர் எனலாம். அந்தக் காலத்து மலாயாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் எடுத்த வீட்டுப் படங்கள் சில இன்னும் பிரிட்டனின் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. நான் இணையத்தில் பார்த்தவற்றில் துரைக்குப் பெயர் உண்டு. அவர் பிள்ளைகளுக்கும் பெயர் உண்டு. பின்னால் கூடையோடு நடந்து போகிறவர்கள் வெறும் 'தொழிலாளர்கள்' மட்டுமே.

இந்தக் கட்டுரை அந்தக் கேமராக்களில் மாட்டப்பட்ட லென்ஸ்களைப் பற்றியது. அந்தக் கேமராக்கள் பெரும்பாலும் செத்துவிட்டன. சுருளும் கழுவும் கூடமும் அரிதாகிவிட்டன. லென்ஸ்கள் மட்டும் சாகவில்லை. ஒரு சின்ன வளையத்தின் உதவியால் அவை இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் உட்கார்ந்து மறுபடியும் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. என்னிடம் அப்படி இரண்டு இருக்கின்றன. ஒன்று பழைய 16 மி.மீ. சினிமா லென்ஸ். மற்றொன்று கண்காணிப்புக் கேமராவுக்காகச் செய்யப்பட்ட 25 மி.மீ. வீடியோ லென்ஸ். இரண்டாவதைப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வார இறுதிச் சந்தையில், பழைய கடிகாரங்களுக்கும் துருப்பிடித்த சாவிகளுக்கும் நடுவிலிருந்து எண்பது வெள்ளிக்கு வாங்கினேன்.

இரண்டும் எப்படி ஒரே வளையத்தில் பொருந்துகின்றன? காரணம் 'சி-மவுண்ட்' என்ற மரை. லென்ஸின் பின்புறத்தில் ஓர் அங்குல விட்டம்; அங்குலத்துக்கு 32 சுற்று மரை. 1935இல் சுவிட்சர்லாந்தின் பையார் நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற போலெக்ஸ் எச்16 கேமராவிலும் இதே மரைதான். பின்னர் தொலைக்காட்சிக் கேமராக்களும் கண்காணிப்புக் கேமராக்களும் அதையே எடுத்துக்கொண்டன. தொழிற்சாலைகளில் பொருள்களைச் சோதிக்கும் கேமராக்களில் இன்றைக்கும் இந்த மரையைக் காணலாம். வங்கி வாசலில் நம்மைக் கண்காணித்த லென்ஸும், தோட்டத்துத் துரை தம் பிள்ளையின் பிறந்தநாளைப் படமெடுத்த லென்ஸும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

அப்படியானால் இவ்வளவு காலம் ஏன் யாரும் இவற்றைப் புகைப்படக் கேமராவில் மாட்டவில்லை? இதற்கு விடை ஒரு தூரத்தில் இருக்கிறது. எந்த லென்ஸும் தனக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் தெளிவான படத்தை விழவைக்கும். சி-மவுண்ட் லென்ஸுக்கு, அது உட்காரும் விளிம்பிலிருந்து படச்சுருள் வரைக்கும் உள்ள தூரம் 17.526 மி.மீ. நாம் பார்த்து வளர்ந்த பெரிய கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடும். அதற்கு இடம் வேண்டும். ஆகவே நிக்கோன் எஃப் கேமராக்களில் அந்தத் தூரம் 46.5 மி.மீ.; கெனான் இஎஃப் கேமராக்களில் 44 மி.மீ. அவ்வளவு தள்ளி வைத்தால் சினிமா லென்ஸுக்கு மூக்கின் நுனிதான் தெரியும், மலை தெரியாது.

2008இல் பானாசோனிக் நிறுவனம் ஜி1 என்ற கேமராவை வெளியிட்டது. ஆடும் கண்ணாடியை எடுத்துவிட்ட முதல் 'மிரர்லெஸ்' கேமரா அது. அதன் 'மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்' அமைப்பில் தூரம் 19.25 மி.மீ. மட்டுமே. சி-மவுண்டுக்கு இன்னும் ஏறத்தாழ 1.7 மி.மீ. அதிகம்தான். அதனால் மாற்று வளையத்தை வெளியே நீட்டாமல் கேமராவின் வாய்க்குள் குழிவாக இறக்கிச் செய்கிறார்கள். லென்ஸ் கொஞ்சம் உள்ளே போய் உட்காரும். உடம்பு பருத்த லென்ஸ்கள் அந்தக் குழிக்குள் இறங்காமல் அடம்பிடிப்பதும் இதனால்தான்.

தூரம் சரியானாலும் இன்னொரு சிக்கல் உண்டு. 16 மி.மீ. சுருளின் ஒரு படம் மிகச் சிறியது. மூலைக்கு மூலை அளந்தால் 12.7 மி.மீ.தான். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரிலோ அது 21.6 மி.மீ. ஒற்றைப் பாயில் படுத்தவனுக்குத் தைத்த போர்வையை இரண்டு பேருக்குப் போர்த்துவது போலத்தான். 10, 12.5 மி.மீ. போன்ற அகலக் கோண லென்ஸ்களை மாட்டினால் நடுவில் ஒரு வட்டம் தெரியும், சுற்றிலும் கறுப்பு. 25 மி.மீ. லென்ஸில் பெரும்பாலும் மூலைகள் மட்டும் இருளும். 50, 75 மி.மீ. லென்ஸ்கள் பெரும்பாலும் சென்சார் முழுவதையும் மூடிவிடும்.

வீடியோ லென்ஸ் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் '1 அங்குலம்' என்றோ '2/3 அங்குலம்' என்றோ எழுதியிருக்கும். அது பழைய தொலைக்காட்சிக் கேமராவின் படக்குழாயின் வெளி விட்டம். 1 அங்குலக் குழாயில் விழுந்த படம் மூலைக்கு மூலை 16 மி.மீ.; 2/3 அங்குலத்தில் 11 மி.மீ. ஆகவே 1 அங்குலம் என்றிருப்பதே நமக்கு நல்லது. லென்ஸிலிருந்து ஒரு மின்கம்பி வால்போலத் தொங்கினால் கீழே வைத்துவிடுங்கள். மின்சாரம் இல்லாவிட்டால் அதன் கண் திறக்காது. கையால் திருகும் வளையம் இருப்பதையே தேடுங்கள். மாட்டிய பிறகு கேமராவின் பட்டியலில் 'லென்ஸ் இல்லாமல் படமெடு' என்ற அமைப்பைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால், எதிரில் லென்ஸே இல்லை என்று கேமரா சும்மா இருந்துவிடும்.

இதைக் கேட்ட விடுதி நண்பன் ஒருவன், "கைப்பேசியில எடுத்தா இதைவிடத் தெளிவா இருக்குமேடா?" என்றான். அவன் சொன்னது உண்மை. கூர்மையில் என்னுடைய எண்பது வெள்ளி லென்ஸ் எந்தப் புதுக் கைப்பேசிக்கும் ஈடாகாது. வெயிலை எதிர்த்து எடுத்தால் படம் வெளுத்துப்போகும். ஓரங்கள் குழைந்துபோகும். பிறகு ஏன் இந்தத் தொல்லை? அதற்கு விடை சொல்ல நான் கோலா தெர்லாவுக்குப் போக வேண்டும்.

கோலா தெர்லா, திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் இருக்கிறது. இன்று சாலையிலிருந்து பார்த்தால் காய்கறித் தோட்டங்களும் பூந்தோட்டங்களும், அவற்றை மூடிய வெள்ளை நெகிழிக் கூரைகளும்தான் கண்ணுக்குத் தெரியும். என் பாட்டி அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுத்தவர். நான் தமிழ்ப்பள்ளிக்குப் போன ஆறு ஆண்டுகளும் அவர் வீட்டில்தான் வளர்ந்தேன். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் கைதான். இரண்டு இலை, ஒரு கொழுந்து. பிறகு பை கட்டிய கத்தரி வந்தது. அதன் பிறகு இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு செடியின் தலைமீது இழுத்துச் செல்லும் இயந்திரம் வந்தது. இன்று அந்த மலைச்சரிவுகளில் அந்த இயந்திரத்தைப் பிடித்திருப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். கையால் கொழுந்தெடுக்கத் தெரிந்த தமிழ்ப் பாட்டிமார்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அந்தக் கைகளின் வேகத்தை எழுத்தில் எழுத முடியாது. பார்த்தால்தான் தெரியும்.

அதைப் படமெடுக்க வேண்டும் என்று நான் கேட்டபோது பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை.

"எதுக்குய்யா இந்தக் கெழவியப் படம் புடிக்கிற? டூரிஸ்காரங்க புடிச்சது பத்தாதா?"

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. காரை நிறுத்திவிட்டு இறங்கி, கேட்காமலேயே முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டி, எடுத்த படத்தைக் காட்டாமலேயே போனவர்களை அவர் முப்பது ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை கேமரா என்பது வந்து எடுத்துக்கொண்டு போகிற ஒன்று. அவருடைய முகம் இந்த உலகத்தில் எத்தனை ஆல்பங்களில் இருக்கிறதோ! எங்கள் வீட்டிலோ அவருடைய அடையாள அட்டைப் படமும், கல்யாண வீடுகளில் ஓரமாக நிற்கும் சில படங்களும்தான் உண்டு.

நான் வற்புறுத்தவில்லை. லென்ஸைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள் அது. பாட்டி அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அதன் வளையத்தைத் திருக, உள்ளே கறுப்பு இதழ்கள் பூப்போல விரிந்து சுருங்கின. மறுபடி திருகினார். "இதுதான் கண்ணா?" என்றார். பிறகு கேமராவில் மாட்டி அவரிடமே கொடுத்தேன். அடுத்த அரை மணி நேரம் அவர்தான் படமெடுத்தார். வாசலில் காய்ந்த துணிகள், அடுப்பு, பூனை, நான். எது தெளிவாகத் தெரிய வேண்டுமோ அதை நோக்கி வளையத்தைத் திருக வேண்டும் என்பது அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. வாழ்நாளெல்லாம் விரல் நுனியால் வேலை செய்தவர் அல்லவா!

நண்பன் கேட்டதற்கு விடை இதுதான். கைப்பேசி எல்லாவற்றையும் அதுவாகவே தெளிவாக்கிவிடுகிறது. எதைப் பார்ப்பது என்பதை நாம் முடிவு செய்ய வேண்டியதில்லை. இந்த லென்ஸில் நாம் திருகாவிட்டால் எதுவுமே தெரியாது. எஃப் 1.4இல் திறந்து வைத்து அருகிலிருந்து பார்க்கும்போது கொழுந்தைக் கிள்ளும் விரல் தெளிவாக இருந்தால் முகம் தெளியாது. முகம் தெளிந்தால் விரல் மங்கும். ஒவ்வொரு முறையும் பாட்டியின் கையா, முகமா என்று நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கிறவன் எதிரில் இருப்பவரைக் கூர்ந்து பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்த நாள் காலையில் பாட்டி தாமாகவே பழைய கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் உள்ள செடிகளுக்கு நடந்தார். காலை ஏழு மணி. பனி இறங்கியிருந்தது. இந்தச் சினிமா லென்ஸ்களில் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வளையம் 'டிக் டிக்' என்று நிற்காமல் வழுக்கிக்கொண்டு திரும்பும். பனி விலகி வெளிச்சம் ஏற ஏற, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லக் குறைத்துக்கொண்டு வரலாம். கேமரன் மலையின் காலை நேரத்துக்கென்றே செய்தது போலிருந்தது. பாட்டி என்னை மறந்துவிட்டார். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வேறு வேறு இடத்தில் கிள்ளின. கண் கையைப் பார்க்கவில்லை. அடுத்த செடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்தொன்பது நிமிடங்கள் எடுத்தேன். மூலைகள் இருண்டிருக்கின்றன. அவற்றை நான் வெட்டவில்லை.

அன்று மாலை அதைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினேன். தகவல் இலாகாவின் படவண்டி தோட்டத்துக்கு வந்து திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய கதையைப் பாட்டி அப்போதுதான் எனக்குச் சொன்னார். 1946இல் தொடங்கப்பட்ட மலாயா திரைப்படப் பிரிவு எடுத்த படங்கள் தமிழ் விளக்கத்தோடும் காட்டப்பட்ட காலம் அது. "அப்ப மத்தவங்களப் பாத்தோம்" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "கை இன்னும் மறக்கல, பாத்தியா" என்று மட்டும் சொன்னார்.

வாசகர்கள் சிலருக்காவது இதில் ஆசை வந்திருக்கும் என நம்புகிறேன். அவர்களுக்கு ஒரு செய்தி. நம் நாட்டின் ஈரக் காற்றில், அதிலும் மலைநாட்டில், லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். சிலந்தி வலைபோல நூல் நூலாகப் படர்ந்து கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். வாங்கும்போது கைவிளக்கை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். வாங்கிய பிறகு காற்றுப் புகாத நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். துணிப்பையிலும் தோல் உறையிலும் வைக்க வேண்டாம். ஈரத்தை அவை பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொரு செய்தி லென்ஸைப் பற்றியதன்று. நீங்கள் எதால் எடுத்தாலும் சரி, கைப்பேசியாலாவது எடுங்கள். எடுத்ததும் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன வேலை என்று எழுதி வையுங்கள். பழைய சுருள்களில் கண்ணாடி குறையில்லை, வெளிச்சமும் குறையில்லை. பெயர்தான் இல்லை. நான் எடுத்த பத்தொன்பது நிமிடங்களின் தொடக்கத்தில் பாட்டியின் முழுப் பெயரும், அவர் அப்பாவின் பெயரும், அவர் வேலை செய்த ஆண்டுகளும் இருக்கின்றன. இந்த மலரில் அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "புஸ்தகத்துல எல்லாம் வேணாம்யா, நம்ம படத்துல இருக்குல்ல, அது போதும்" என்றார்.

அவர் சொன்னபடியே விட்டுவிட்டேன்.