மைசூரில் மூன்றாவது தேர்வு

காலையில் மைசூர் ரயில் நிலையத்துக்குள் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் நுழையும்போது, இறங்கும் கூட்டத்தில் ஒரு ரகத்தினரை அடையாளம் காண்பது சுலபம். வயது இருபத்திரண்டைத் தாண்டாது. ஸ்டிக்கர்கூடக் கிழிக்கப்படாத புது சூட்கேஸ். நெஞ்சோடு அணைத்த ஃபைலில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் டிகிரி வரை. சில சமயம் கூடவே ஓர் அப்பா. ரயில் ஏற்றிவிட வந்து, மனசு கேட்காமல் தானும் ஏறிவிட்டவர். வெளியே நிற்கும் ஆட்டோக்காரர் "இன்ஃபோஸிஸா?" என்று கேட்பது புரியக் கன்னடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மயிலாடுதுறை வழித்தட ரயில். கோவை, ஈரோட்டுப் பிள்ளைகளில் பலர் பண்ணாரி அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டு, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சாமராஜநகர் வழியாக பஸ்ஸில் வந்து சேர்கிறார்கள். தமிழ்நாட்டின் நானூறுக்கும் மேற்பட்ட இன்ஜினியரிங் கல்லூரிகளில் படித்தவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள் அவர்களில் ஏராளம். சம்பளம் என்ற சொல் சொந்த வாழ்க்கையில் முதன்முதலாக அர்த்தம் பெறப்போகும் ஊர் அவர்களுக்கு மைசூர்தான்.

நகரின் வடமேற்கே, கிருஷ்ணராஜ சாகர் சாலையை ஒட்டிய ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இருக்கிறது அந்த வளாகம். பரப்பு முந்நூறு ஏக்கருக்கு மேல். உள்ளே நுழைந்ததும் முதலில் வருவது பிரமிப்பு. பிறகுதான் மற்றதெல்லாம். 2005 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் இன்ஃபோஸிஸின் பயிற்சி மையத்தைத் திறந்துவைத்தார். 2009 செப்டம்பரில் சோனியா காந்தி அதன் இரண்டாவது கட்டடத்தைத் திறந்தார். கட்டடக் கலைஞர் ஹஃபீஸ் கான்ட்ராக்டர் வடிவமைத்த அந்த மாளிகை, வரிசை வரிசையான பிரம்மாண்டத் தூண்களோடு, ரோமாபுரியிலிருந்து பெயர்த்து வந்து சாமுண்டி மலை தெரியும் சமவெளியில் வைத்ததுபோல நிற்கிறது. ஒரே நேரத்தில் சுமார் 14,000 பேருக்குப் பயிற்சி தர வசதி உண்டு. பெரிய கோளத்துக்குள் சினிமா தியேட்டர்கள். நீச்சல் குளம், பௌலிங், ஓடுதளம், எங்கும் சைக்கிள்கள். வானத்திலிருந்து பார்த்தால் ஹாஸ்டல் கட்டடங்கள் நிறுவனத்தின் பெயரையே ஆங்கில எழுத்துகளாக எழுதிக் காட்டும்.

ஒரு வார்டன், எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோழிக் குழம்பு என்று நான்கு வருடம் ஓட்டிய பிள்ளைக்கு இங்கே ஹோட்டல் போன்ற அறை கிடைக்கிறது. ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போகும் முதல் போன் பேச்சு முழுவதும் கட்டில், மெத்தை, வெந்நீர்க் குழாய் பற்றியே. இரண்டாவது போனில் சாப்பாடு. எல்லா மாநிலத்துச் சமையலும் கிடைக்கிறது, ஆனால் சாம்பாரில் ஏன் வெல்லம் போடுகிறார்கள்? மூன்றாவது வாரத்திலிருந்து போன் பேச்சு குறைகிறது. முதல் தேர்வு நெருங்கிவிட்டது.

இங்கே வருபவர்கள் ஒரே வகையினர் அல்ல. வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களுக்காக நிறுவனம் 1999-இல் தொடங்கிய 'இன்ஸ்டெப்' திட்டத்தில் இந்தியாவுக்கு வருபவர்களுக்கு இது சில மாத அனுபவம். ஊர் திரும்பிச் சொல்ல ஒரு கதை. கல்லூரியின் கடைசிப் பருவத்திலேயே பயிற்சிக்கு வரும் நம் ஊர் மாணவர்களுக்கும் படிப்பு முடித்து நியமனக் கடிதத்தோடு வருபவர்களுக்கும் விஷயம் வேறு. அவர்கள் இன்னும் ஊழியர்கள் அல்ல, பயிற்சியாளர்கள். நிரலெழுதும் மொழிகள், டேட்டாபேஸ் என்று சில மாதப் பாடம். ஒவ்வொரு கட்டத்திலும் தேர்வு. தேறினால் வேலை, தேறாவிட்டால் வந்த வழி. தேற மொத்தம் மூன்று வாய்ப்புகள்.

இதில் யாருக்கு அதிகச் சிரமம் என்பது வகுப்பில் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவனுக்குப் பாதி பாடம் பழைய பாடம். மெக்கானிக்கலும் சிவிலும் படித்துவிட்டு, வேலை இங்கேதான் இருக்கிறது என்று வந்தவனுக்கு எல்லாமே புதுசு. தமிழ் வழியில் பள்ளி முடித்த பெண், முதலில் ஆங்கிலத்தில் கேள்வியைப் புரிந்துகொண்டு பிறகு கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க வேண்டும். இரவில் உணவுக்கூட மேஜைகளில் ஒரிய, தெலுங்கு, மராத்திப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நீச்சல் குளம் அதுபாட்டுக்கு நீலமாகக் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊர் கூப்பிடுகிறது. சாமுண்டி மலையின் ஆயிரம் படிகள், நசர்பாதில் வெண்ணெய் மிதக்கும் மைலாரி தோசை, மல்லிகையும் வெற்றிலையும் மணக்கும் தேவராஜ மார்க்கெட். மாலையில் எல்லோரும் சேரும் இடம் அரண்மனை. பழைய மர அரண்மனை 1897-இல் தீக்கிரையான பிறகு ஹென்றி இர்வின் வடிவமைப்பில் 1912-இல் கட்டி முடிக்கப்பட்டது இது. ஏழு மணிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நொடியில் எரிய, கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுகிறது. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் அணைகிறது. மறுநாள் திங்கள்கிழமை.

தேர்வும் பணமும் இந்த ஊருக்குப் பழகிய கவலைகள். இன்ஃபோஸிஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் தேறியும், பள்ளி ஆசிரியரான தந்தையால் செலவைத் தாங்க முடியாததால், மைசூரின் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் இன்ஜினியரிங்கில் படித்து 1967-இல் பட்டம் பெற்றவர். 1981-இல் நிறுவனம் தொடங்க மனைவி சுதா கொடுத்த தொகை பத்தாயிரம் ரூபாய்.

இன்னொருவர் தமிழர். சென்னையில் பிறந்து, தலைமை ஆசிரியரான தந்தையோடு மைசூருக்கு வந்த ஆர்.கே. நாராயண். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று, ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து கண்டதையும் படித்து எழுதிக்கொண்டிருந்தார். பிறகு மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, பட்டம் வாங்க வழக்கத்தைவிட ஒரு வருடம் கூடுதலாக எடுத்துக்கொண்டார். அப்படிப்பட்டவரிடமிருந்துதான் மால்குடி பிறந்தது. யாதவகிரியில் அவர் வாழ்ந்த வீடு இடிபடும் தருவாயில் காப்பாற்றப்பட்டு, 2016-இல் நினைவு இல்லமாயிற்று. ரயில் நிலையத்திலிருந்து ஹெப்பாளுக்குப் போகிற திசையில்தான் யாதவகிரி இருக்கிறது. சூட்கேஸோடு ஆட்டோவில் போகிறவர்களுக்கு அங்கே இறங்க நேரமில்லை.

2024-இன் கடைசி நாளன்று வளாகத்துக்கு ஓர் அழையா விருந்தாளி வந்தது. சிறுத்தை. கண்காணிப்பு கேமராவில் அதன் உருவம் பதிந்ததும், ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லப்பட்டார்கள். பயிற்சியாளர்கள் அறைகளிலேயே இருக்கும்படி அறிவிப்பு வந்தது. வகுப்புகளோடு தேர்வும் தள்ளிப்போனது. வனத்துறையினர் நாள்கணக்கில் தேடியும் சிறுத்தை அகப்படவில்லை. தேர்வைத் தள்ளிவைக்க மட்டுமே அதனால் முடிந்தது, ரத்து செய்ய முடியவில்லை.

சில வாரங்களிலேயே அது தெரிந்தது. 2022-இல் தேர்வு செய்யப்பட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அழைப்புக்காகக் காத்திருந்து, 2024 இலையுதிர் மாதங்களில் பணியில் சேர்ந்தவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் 2025 பிப்ரவரியில் வெளியேற்றப்பட்டார்கள். மூன்று வாய்ப்புகளிலும் தேறாதவர்கள் தொடர முடியாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, இருபது வருடமாக நடப்பது இதுதான் என்றது நிறுவனம். கட்டாயப்படுத்தி வெளியேற்றினார்கள் என்று ஊழியர் அமைப்பு ஒன்று மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் செய்தது. நிறுவனம் அதை மறுத்தது. கர்நாடகத் தொழிலாளர் துறை அதிகாரிகள் வளாகத்துக்கு வந்து விசாரித்தார்கள். ஏப்ரலில் இன்னொரு தொகுதியினர் வெளியேறியபோது, வேறு பயிற்சிக்கும் வேலை தேடவும் உதவுவதாக நிறுவனம் அறிவித்தது.

விதியைக் காட்டி நிறுவனம் சொல்வதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அந்த விதிக்குள் அடங்காத கணக்கு ஒன்று இருக்கிறது. காத்திருந்த இரண்டு வருடத்தில் வேறு வேலையை வேண்டாமென்று சொன்னவர்கள் உண்டு. கல்விக் கடனுக்கு வங்கியில் தவணை கேட்கத் தொடங்கிவிட்டார்கள். தெருவில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தாகிவிட்டது. மதிப்பெண்ணை மூன்று முறை பார்க்கிற கம்ப்யூட்டர் இதை ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதற்குப் பயிற்சி மையத்தில் பாடம் இல்லை.

மாலையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மைசூரிலிருந்து திரும்புகிறது. தேறிப் பணியிடம் கிடைத்து, சேர்வதற்கு முன் ஊருக்குப் போய்வருகிறவர்களும் தேறாதவர்களும் அதே பெட்டிகளில்தான் ஏறுகிறார்கள். அதே சூட்கேஸ், இப்போது சற்றுக் கீறல் விழுந்தது. யார் எந்த ரகம் என்று வெளிப்பார்வைக்குத் தெரியாது. சயாஜி ராவ் சாலைக் கடையில் வாங்கிய மைசூர் பாகுப் பொட்டலம் இருவர் கையிலும் இருக்கிறது.