ஒட்டு காயும் வரை

"இதுல டியூப் எங்க தம்பி இருக்கு?"

சக்கரத்தைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது. செட்டிகுளம் கடைத்தெருவில் வெகுகாலமாக சைக்கிள் கடை வைத்திருப்பவர். மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட சைக்கிள்கள் வரிசைகட்டிய இடத்தில், இப்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் இரண்டும் ஒரு மொபெட்டும் பஞ்சருக்காக நிற்கின்றன. நான் ஆலத்தூர் கேட்டில் பஸ் மாறித் தூக்கி வந்தது ஒரு ரேஸ் சைக்கிளின் பின்சக்கரம். அக்கா மகன் கைமாற்றாக வாங்கியது. டியூபுலர் டயர். வேறு இரண்டு கடைகளில் ரிம்மையே மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

சாதா டயரின் இரண்டு ஓரத்திலும் கம்பி ஓடும். அது ரிம்மின் மடிப்பில் மாட்டிக்கொள்ளும். டியூபுலரில் கம்பியும் இல்லை, ரிம்மில் மடிப்பும் இல்லை. மெல்லிய டியூபைத் துணிக்குள் சுருட்டி, அடிப்பக்கம் தைத்து, தையலை மறைத்து ஒரு நாடாவை ஒட்டியிருப்பார்கள். அந்த நாடாவை ரிம்மோடு பிடித்து வைத்திருப்பது வெறும் பசை.

"வெங்காய மூட்டை மாதிரி உள்ள போட்டுத் தைச்சுட்டான்னு சொல்லு" என்றார். சின்ன வெங்காயம் விளையும் ஊர்க்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டு வரை காற்று அடிக்கலாம் என்றபோதுதான் புருவம் உயர்ந்தது.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நெம்பினால் நாடா கிழியும், வால்வுக்கு நேர் எதிரே கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ள வேண்டும் என்றேன். தள்ளினார். ஒரு சாண் நீளத்துக்கு டயர் சும்மா கழன்று வந்தது.

"ஒட்டவே இல்லையேடா. இதுலயா பையன் போயிட்டிருந்தான்?"

2003 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் நடந்ததைச் சொன்னேன். தார் இளகிய வெயிலில், காப் நகரத்துக்கு இறங்கும் மலைச்சரிவில், ஜோசெபா பெலோக்கியின் பின்டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. போட்டியில் அப்போது இரண்டாம் இடத்தில் இருந்தவர். தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு மூன்றும் முறிந்தன. பின்னால் வந்த இன்னொரு வீரர் ஆர்ம்ஸ்ட்ராங் வயலுக்குள் சைக்கிளை இறக்கித் தப்பினார். கடைக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த ஒட்டு யார் போட்டது?" என்றார். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

தண்ணீர்ச் சட்டியில் முக்கினால் குமிழி வால்வு ஓரத்தில் வந்தது. நான் அங்கேதான் ஓட்டை என்று கை வைத்தேன். அவர் தலையாட்டினார். "இது காத்து வெளிய வர்ற வழி. ஓட்டை வேற எங்கயோ." டயரின் மேற்பரப்பைப் பெருவிரலால் அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். சீமைக்கருவேல முள்ளின் நுனி. அதற்கு நேர் கீழே மட்டும் நாடாவைப் பிரித்து, தையலை அறுத்து, டியூபை வெளியே இழுத்து ஒட்டுப் போட்டாயிற்று. தைப்பதற்கு யாரோ கோணி ஊசி எடுத்து நீட்டினார்கள். "துளை பெரிசாயிடும்" என்று தள்ளிவிட்டு, மெல்லிய ஊசியில் மெழுகு தடவிய நைலான் நூல் கோத்து, பழைய துளைகளிலேயே தைத்தார். உள்ளே டியூப் இருப்பதால் ஒவ்வொரு குத்தலுக்கும் ஊசி முனைக்குக் கீழே தன் விரலை வைத்துக்கொண்டார்.

பஞ்சர் சொல்யூஷனிலேயே ரிம்மில் ஒட்டிவிடலாமே என்றார். பிரேக் கட்டை உரசி ரிம் சூடேறும்போது அது தாங்காது. கொண்டுபோயிருந்த டியூபுலர் பசையைக் கொடுத்தேன். பழைய பசையை மூங்கில் சீவலால் சுரண்டி, ரிம்முக்கும் நாடாவுக்கும் மெல்லிசாகப் பூசி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, மறுபடி பூச வேண்டும்.

"ஒரு பஞ்சருக்கு ரெண்டு நாளா!"

இதே எரிச்சல் எடுவார் மிஷ்லினுக்கும் வந்திருக்கிறது. டன்லப் காற்று டயர் செய்த மறுவருஷம், 1889இல், கிளெர்மோன்-ஃபெரானில் அவருடைய தொழிற்சாலைக்கு ஒருவர் பஞ்சரான டன்லப் டயரோடு வந்தார். அதுவும் ரிம்மில் ஒட்டிய டயர். சரிசெய்ய மூன்று மணி நேரம், காய ஒரு ராத்திரி. காலையில் ஏறி ஓட்டிப் பார்த்தால் சில நிமிஷத்திலேயே மறுபடி பஞ்சர். கழற்றி மாட்டும் டயரை மிஷ்லின் கொண்டுவந்தது 1891இல். சொல்லப்போனால் இந்தக் கடையின் பிழைப்பே அந்த எரிச்சலில் பிறந்ததுதான்.

தெருவில் வெங்காயச் சருகு பறந்துகொண்டே இருந்தது. பூசிய பசையில் முதல் சருகு விழுந்ததும் ஊசியால் எடுத்துப் போட்டுவிட்டு, சக்கரத்தை உள்ளே கொண்டுபோய் உத்தரத்துக் கொக்கியில் மாட்டினார்.

மறுநாள் கடைசிப் பூச்சு பிசுபிசுப்பாக இருக்கும்போதே மாட்டினோம். சக்கரத்தைத் தரையில் நிறுத்தி, வால்வை மேல்பக்கத் துளையில் இறக்கி, இரண்டு கையாலும் டயரை இழுத்து இழுத்துக் கீழே கொண்டுவர வேண்டும். கடைசி ஒரு சாண் இருக்கிறதே, அதுதான் உயிரை வாங்கும். சக்கரத்தை வயிற்றில் முட்டுக்கொடுத்துப் பெருவிரலால் தூக்கிப் போட்டார். இருவர் கையிலும் பசை. கொஞ்சம் காற்று அடித்து, சக்கரத்தைச் சுற்றவிட்டு, நெளிந்த இடங்களைத் திருகி நேராக்கினார். பிறகு முழுக் காற்று.

சாயங்காலம் அக்கா மகன் வந்து சக்கரத்தைக் கேட்டான். கடைக்காரர் கொக்கியைப் பார்த்தார்.

"நாளைக்கு வா."

"பத்து நிமிஷத்துல பஞ்சர் ஒட்டிக் குடுப்பீங்கன்னு சொன்னாங்களே?"

"அது வேற சைக்கிள்" என்று மொபெட் பக்கம் திரும்பிக்கொண்டார்.