கொழுந்துக்கு எட்டுப் பெட்டி

“அண்ணே, கொழுந்துக்கு எட்டுப் பெட்டியா?”

ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்து வாசிப்பு அறையில், ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது வயசுப் பிள்ளை கேட்டது. நான் கலைப்பீடம். பைத்தான் எல்லாம் யூடியூப் பார்த்துப் படிச்சதுதான். லயம், பெரட்டு, கங்காணி, கொழுந்து என்று தோட்டத்துச் சொற்களைச் சேர்த்து, சொல் கண்டுபிடிக்கிற விளையாட்டு ஒன்றைச் செய்திருந்தேன். எழுத்துக்கு ஒரு பெட்டி.

நமக்கு அது கொ, ழு, ந், து என நாலு எழுத்து. யுனிகோடில் கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள், அதனால் கணினி எட்டு என்று எண்ணும். எழுத்தாகப் பிரித்துத் தர ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் நூலகம் இருக்கு. (நூலகம் என்றால் இங்கே புத்தகம் இல்ல, வேறு நிரல்கள் எடுத்துப் பயன்படுத்துகிற ஆயத்தக் குறியீடு.) அதை வைத்து நானும் ஒரு சின்ன நூலகம் எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை வரை நாலு பெட்டிதான் வந்தது.

விளையாட்டு ஓடுவதும் நான் எழுதிப் பழகுவதும் ஒரே பழைய லாப்டொப்பில். நூலகக் கோப்புறையும் ஒன்றே. வெள்ளி இரவு எதையோ சோதிக்க, எழுத்துப் பிரிக்கிற வரியைத் தூக்கிவிட்டு வெறும் நீளத்தை எண்ண வைத்தேன். விளையாட்டுக்கு ஒன்றும் ஆகல. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றியதையே வைத்திருக்கும் இல்லையா? ராவோட ராவா காத்தடிச்சு கரண்ட் போச்சு. லாப்டொப்பின் பேட்டரி எப்பவோ செத்தது. காலையில் போட்டதும் நான் உடைத்து வைத்த கோப்பை வாசித்தது.

அன்றைக்கே கோப்புறையை இரண்டாக்கினேன், ஒன்று எனக்கு, ஒன்று பிள்ளைகளுக்கு. பைத்தான் 3.3 வந்த 2012இலிருந்து கூடவே கிடைக்கிற ‘வென்வ்’ மூலம் இரண்டுக்கும் தனித்தனிச் சூழலும் செய்தேன். அப்பவும் எட்டுப் பெட்டி!

நூலகம் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று அச்சிட்டுப் பார்த்தேன். என்னுடைய கோப்புறையிலிருந்துதான். ‘பைத்தான்பாத்’ என்ற சூழல் மாறியில் அதன் பாதையை எப்பவோ எழுதிவிட்டு மறந்திருக்கிறேன். பைத்தான் பாதைகளை வரிசையாகத் தேடி, முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். ‘வென்வ்’ போட்டாலும் பைத்தான்பாத் அழியாது. இந்த ஒரு விஷயத்துக்கு அரை நாள் போனது.

அந்த வரியை அழித்தேன். இப்போ இரண்டு பக்கத்தையும் தொடங்குகிற கட்டளைக் கோப்புகளே தங்கள் பாதையைச் சொல்லும். பிள்ளைகளின் கோப்புறையில் நான் நேராக எழுத முடியாதபடி அனுமதியையும் எடுத்துவிட்டேன். என்னை நான் நம்பவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் தவறணையில் நாற்று வளர்த்தவர்.

“கன்ன தவறணையில வளத்துப் பாத்துட்டுத்தானேடா மலைக்குக் கொண்டு போவோம்? இதுக்கா படிச்ச?” என்றார்.

அடுத்த சனிக்கிழமை நாலு பெட்டி வந்தது. அந்தப் பிள்ளை நம்பாமல் விரல்விட்டு எண்ணியது.