மிளகு

லண்டனின் தெற்குப் புறநகர் ஒன்றில், ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் ஒருவர் வீட்டில், மாதம் ஒரு முறை எட்டுப் பேர் கூடுவோம். ஆளுக்கு ஒரு பாட்டில் ஒயின். என்ன கொண்டுவந்திருக்கிறோம் என்று மற்றவர்களிடம் சொல்லக் கூடாது. வாசலிலேயே அவர் மனைவி பாட்டிலை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். தக்கையை எடுத்து ஒளித்துவிட்டு, ஒரே மாதிரியான கண்ணாடிக் கூஜாக்களில் ஊற்றி, கழுத்தில் எண் எழுதிய அட்டை கட்டி மேஜைமேல் வரிசையாக வைப்பார். பாட்டிலையே அலுமினியத் தாளில் சுற்றி வைக்கிற வீடுகளும் உண்டு. ஆனால் போர்தோ பாட்டிலுக்குத் தோள் நிமிர்ந்திருக்கும், பர்கண்டி பாட்டிலுக்குச் சரிந்திருக்கும். தாளுக்குள்ளிருந்தே அது காட்டிக்கொடுத்துவிடும். கூஜாவில் அந்தச் சலுகை கிடையாது. தான் கொண்டுவந்த ஒயின் எது என்று தனக்கே தெரியாமல் ஒருவர் தவிப்பதுதான் பெரும்பாலான இரவுகளில் எங்களுக்குப் பெரிய வேடிக்கை.

ஊற்றியபின் பத்து நிமிஷம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கோப்பையை வெள்ளை மேஜைவிரிப்பின் மேல் சாய்த்து விளிம்பு நிறத்தைப் பார்க்க வேண்டும், சுழற்றி முகர வேண்டும், ஒரு வாய் எடுத்துப் புரட்ட வேண்டும், விழுங்கவோ துப்பவோ செய்து, தாளில் எழுத வேண்டும். என்ன திராட்சை, எந்த ஊர், எந்த வருஷம். பிறகு, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேச வேண்டும். அனுபவசாலி முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் நாக்கு அவர் பக்கம் சாய்ந்துவிடும் என்பது ஆசிரியரின் அபிப்பிராயம். முப்பது வருஷம் வகுப்பு நடத்தியவர். அவருக்குத் தெரியாதா?

நம்முடைய கோஷ்டிகளிலும் குடி உண்டு. ஆனால் அங்கே குடித்தது பேசுவதற்காக. கண்ணாடி டம்ளரில் என்ன இருந்தது என்பதைப் பற்றி யாரும் ஒரு வாக்கியம் சொல்லி நான் கேட்டதில்லை. புதுமைப்பித்தனா மௌனியா என்பதுதான் பேச்சு. அப்படிப் பழகியவனுக்கு, எட்டுப் பேர் குடிப்பதைப் பற்றி மட்டுமே மூன்று மணி நேரம் பேசுவது முதலில் அபத்தமாகத்தான் பட்டது. 2003ல் அலுவலக நண்பர் ஒருவர் அழைத்துக்கொண்டு போனார். மரியாதைக்காக இரண்டாம் முறையும் போனேன். மூன்றாம் முறை நானாகப் போனேன்.

பிடித்துப்போனது அவர்களுடைய சொற்கள் என்று நினைக்கிறேன். நெபியோலோவில் தாரும் ரோஜாவும். ரீஸ்லிங் பழசானால் பெட்ரோல். சோவின்யோன் பிளாங்க்கில் பூனை மூத்திரம். இதைக் குறையாக இல்லை, பாராட்டாகவே சொல்வார்கள். கபர்னேயில் பிளாக்கரன்ட், சீவிய பென்சில். பிளாக்கரன்ட் பழத்தை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. முதலில் சொல்லைக் கற்றுக்கொண்டு, பிறகு கடைக்குப் போய்ப் பழத்தை வாங்கித் தின்றேன். வாழ்க்கையில் பல விஷயங்கள் எனக்கு இந்த வரிசையில்தான் வந்திருக்கின்றன. பனியைக் கதைகளில் படித்த பிறகே பனியைப் பார்த்தேன்.

என்னிடமிருந்தும் அவர்களுக்கு ஒன்று கிடைத்தது. சிவப்பு ஒயின் ஈறைப் பிடித்து இழுக்கிற அந்த உணர்ச்சிக்கு அவர்கள் வறட்சி, பிடி, உரம் என்று ஏதேதோ சொல்லித் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பாஷையில் இதற்கு ஒரே வார்த்தை இருக்கிறது, துவர்ப்பு. ஆறு சுவைகளில் ஒன்றாக அதை எண்ணுகிறோம் என்றேன். அது நாக்கின் சுவையல்ல, வாயின் தொடு உணர்ச்சி என்று கூட்டத்தில் இருந்த பல் டாக்டர் திருத்தினார். சரிதான். ஆனால் இதமான தானின் உள்ள ஒயின் ஒன்றுக்கு நான் நாவல்பழம் என்று சொல்லி, தின்றபின் நாக்கு ஊதாவாகித் தடித்துப்போவதை விவரித்தபோது எட்டுப் பேரும் எழுதிக்கொண்டார்கள். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு என் கவிதை அச்சானபோது இருந்ததில்லை.

இனி மிளகுக்கு வருகிறேன்.

நான் போன முதல் இரவு. மூன்றாவது கோப்பை. வட ரோன் பள்ளத்தாக்கின் சிரா என்று பிறகு தெரிந்தது. ஆசிரியர் திடீரென்று என் பக்கம் திரும்பி, "நீங்கள் மிளகு விளைகிற தேசத்துக்காரர். சொல்லுங்கள், இதில் மிளகு வருகிறதா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முகர்ந்தேன். கருப்புப் பழம் ஏதோ இருந்தது, புகை இருந்தது, மாமிசம் போல ஒன்று இருந்தது. மிளகு இல்லை. "வருகிறது" என்றேன்.

ஏன் சொன்னேன்? புதிய இடம், கூச்சம், எட்டு ஜோடிக் கண்கள். ஒரு தேசத்தின் பிரதிநிதியாக உட்கார வைத்துவிட்டார்கள். இதெல்லாம் முதல் நாளுக்குப் போதுமான சமாதானம். அடுத்த ஆறு வருஷங்களுக்குப் போதாது. அந்த மேஜையில் நான் மிளகுக்காரனாகிவிட்டேன். எனக்கு முன்னால் பேசுகிறவர்களில் யாராவது மிளகு என்று ஆரம்பித்திருப்பார்கள். என் முறை வரும்போது நான் தலையை ஆட்டி அதற்குக் கொஞ்சம் மெருகு ஏற்றுவேன். "அப்போதுதான் இடித்த மிளகு." "நெய்யில் வறுத்த மிளகு." ஒரு முறை, வெட்கத்தோடு சொல்கிறேன், "மழைக்காலத்து மிளகு." அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பெயரை மூடிவைத்து ருசிப்பதற்கு ஒரு புராணம் உண்டு. ஆசிரியர் அதை வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, ஒன்பது பிரெஞ்சு நடுவர்களை உட்கார வைத்து, பிரான்ஸின் பெயர்பெற்ற ஒயின்களையும் கலிபோர்னியாவின் ஒயின்களையும் பெயர் தெரியாமல் கொடுத்தார். வெள்ளையில் ஷாத்தோ மாண்டலேனா 1973, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் 1973. இரண்டிலும் கலிபோர்னியாவே முதலிடம். கலிபோர்னியாவைக் குடித்துவிட்டு, அப்பாடா, பிரான்ஸுக்கு வந்துவிட்டோம் என்று ஒருவர் நிம்மதி அடைந்தாராம். முடிவு தெரிந்ததும் நடுவர்களில் ஒருவரான ஓடெட் கான், தான் மதிப்பெண் போட்ட தாளைத் திருப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை. ஆசிரியர் இந்த இடத்தில் மேஜையைத் தட்டிச் சிரிப்பார். எனக்கு அந்த அம்மாளிடம் அனுதாபம். எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பிக் கேட்க எனக்கும் பல சந்தர்ப்பங்கள் இருந்தன.

ஒயின்காரர்களைக் கேலி செய்கிறவர்கள் சொல்வது வேறு கதை. 2001ல் வெளியான போர்தோ ஆய்வு ஒன்றில், ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். பார்த்தாயா, எல்லாம் புரட்டு என்று இதைக் காட்டிச் சிரிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மாணவர்கள் பொய் சொல்லவில்லை. கண் சொன்னதை மூக்கு நம்பியது, அவ்வளவுதான். ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிஞர் பெயரை எடுத்துவிட்டுக் கவிதைகளைக் கொடுத்து, மாணவர்கள் எழுதியதைத் தொகுத்து 1929ல் புத்தகமாகப் போட்டார். டன்னும் ஹாப்கின்ஸும் லாரன்ஸும் அதில் அகப்பட்டார்கள். அங்கேயும் தடுமாறியவர்கள் தங்களுக்குப் பட்டதை எழுதித் தடுமாறினார்கள். நான் செய்தது வேறு. எனக்குப் படாததை எழுதினேன்.

எழுபதுகளில் நம்மில் பலர் எல்லாக் கவிதையிலும் படிமம் கண்டோம். எனக்குப் பாதிக் கவிதைகளில் அது தென்படவில்லை. இருந்தும் ஒரு சிறுபத்திரிகையில் ஒரு கவிஞரைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன்; படிமம் என்ற சொல் அதில் பதினோரு இடத்தில் வருகிறது. சமீபத்தில் எண்ணிப் பார்த்தேன். அவருடைய வரிகளில் உண்மையில் எனக்குப் பிடித்திருந்தது ஒரு விதமான அலுப்பு, மத்தியானத்தில் கதவு திறந்துகிடக்கிற வீட்டின் அலுப்பு. அதை எழுதவில்லை. அதற்கு அப்போது விமர்சனச் சொல் எதுவும் புழக்கத்தில் இல்லை.

2009 பிப்ரவரியில் ஆசிரியர் விதியை மாற்றினார். சீட்டுக் குலுக்கிப் பேசலாம் என்றார். என் பெயர் முதலில் வந்தது.

எனக்கு முன்னால் யாரும் இல்லை. தலையாட்டுவதற்கு ஒன்றுமில்லை. மூன்றாவது கூஜா ஊதா கலந்த கருஞ்சிவப்பு. வயலட் பூ, கொஞ்சம் புகை. சிரா என்று முடிவு செய்தேன். சிரா என்றால் மிளகு இருந்தாக வேண்டும். இருக்கிறது என்றேன். ஐந்தாவதில் பழம் தூக்கலாக இருந்தது. தெற்கே, வெயில் பிரதேசம், கிரெனாஷ் என்றேன். மிளகைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த சீட்டு ஒரு இளம் பெண். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. என்னைத் தயக்கத்தோடு பார்த்துவிட்டு, ஐந்தாவதில் தனக்கு மிளகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை, யாரோ மிளகு மில்லைக் கோப்பைக்கு மேல் திருகியது போல இருக்கிறது என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். ஆசிரியர் மட்டும் அன்று உடம்பு சரியில்லை என்று தன் முறையை விட்டுக்கொடுத்தார்.

மூன்று காஹோர், மால்பெக் திராட்சை. ஐந்து க்ரோஸ்-எர்மிதாஷ், சிரா. மிளகுக்காரன் இல்லாத இடத்தில் மிளகைக் கண்டு, இருந்த இடத்தில் விட்டுவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் நடப்பதுதான், மூக்கு சில நாள் தூங்கிவிடும் என்றார்கள். ஆட்டிறைச்சி வந்தது, பாலாடைக்கட்டி வந்தது. அவர்கள் அன்பாக இருக்க இருக்க எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

எல்லோரும் போனபின் கோப்பைகளைக் கழுவ நின்றேன். நாற்பது கோப்பைக்கு மேல் இருக்கும். நான் கழுவ, ஆசிரியர் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அது வருவதில்லை, இல்லையா?" என்றார்.

ஜலதோஷம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, இல்லை, வருவதில்லை என்றேன்.

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட."

அவர் துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தார். அதற்கு முந்தின வருஷம், 2008ல், ஆஸ்திரேலியாவில் ஒயின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் அந்த வாசனையின் மூலத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார். ரோடண்டோன் என்று பெயர். மிளகில் மிளகு வாசனையாக இருப்பதும் அதுதான், சிராவில் இருப்பதும் அதுதான். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில், ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் 16 பங்கு இருந்தால் போதும், மூக்குக்கு எட்டிவிடும். ஆனால் சோதித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, எவ்வளவு கூட்டிக் கொடுத்தும் அது எட்டவே இல்லை.

"எட்டுப் பேர் மேஜையில் ஒன்றிரண்டு பேர்" என்றேன், கணக்குப் போட்டு.

"இரண்டு" என்றார். "எனக்கும் வராது. முப்பது வருஷமாக வராது. மற்றவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டுச் சொல்கிறார்கள், அப்படி ஒன்று கிடையாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் முதல் நாள் உங்களைக் கேட்டேன். நீங்கள் வருகிறது என்றீர்கள். நம்பினேன்."

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அவருடைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். குடித்த ஒவ்வொரு ஒயினைப் பற்றியும் தேதி போட்டு எழுதிவைக்கிறவர். தனக்குப் பட்டதைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை என்பது அவருடைய பெருமை. 2003க்குப் பிறகுள்ள பக்கங்களைப் புரட்டினார். பேனாவால் எழுதிய குறிப்புகளுக்கு ஓரமாக, இங்கும் அங்கும் பென்சிலில் மிளகு என்று எழுதி, பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்து. ஒரு இடத்தில் மழைக்காலத்து மிளகு என்பதும் இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்திருந்தார்.

அழித்துவிடலாம் என்றேன். பென்சில்தானே.

எழுந்து ரப்பரைத் தேடினார். இழுப்பறையில் இருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்து, "இந்த ஒயின்களையெல்லாம் இனிமேல் குடித்துப் பார்க்க முடியாது" என்றார். நோட்டை மூடிக்கொண்டு போனார். அழித்தாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் வழக்கம்போல் கூடினோம். 2020ல் தொற்றுக் காலம் வரும்வரை கூடிக்கொண்டிருந்தோம். சிரா வரும்போதெல்லாம் எங்கள் இருவர் தாளிலும் அந்த இடம் காலியாக இருக்கும். மற்றவர்கள் காரணம் கேட்டதில்லை.

அன்றிரவு வீடு திரும்ப ஒரு மணி ஆகிவிட்டது. நேரே அடுக்களைக்குப் போய், மிளகு டப்பாவைத் திறந்து, நான்கைந்து மணிகளைக் கல்லுரலில் இட்டுத் தட்டி முகர்ந்தேன். மூக்கில் காரம் ஏறியது. எலுமிச்சைத் தோல் மாதிரி ஒன்று, பைன் மரக்கட்டை மாதிரி ஒன்று. இதைத்தான் பிறந்ததிலிருந்து மிளகு என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஜுரம் வந்தபோதெல்லாம் அம்மா வைத்த ரசத்தில் நான் குடித்ததும் இதைத்தான். அவள் கரண்டியில் எடுத்து வாசனை பார்த்துத் தலையாட்டியது எதற்கென்று எனக்குத் தெரியப்போவதில்லை.

சத்தம் கேட்டு மனைவி எழுந்து வந்தாள். உரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"மிளகு வாசனை வருதா, பாரு."

தூக்கக் கலக்கத்தில் முகர்ந்தாள்.

"மிளகுல மிளகு வாசனை வராம வேற என்னங்க வரும்?" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டு போனாள்.