எடைக்குப் போன மாயாவி

காமிக்ஸ் படிக்கிறவர் வேறு, சேர்க்கிறவர் வேறு. படிக்கிறவருக்குக் கதை முடிந்தால் போதும். சேர்க்கிறவருக்கோ வரிசை எண் முழுசாக இருக்க வேண்டும். அது எங்கே முழுசாவது!

தமிழில் இந்தப் பைத்தியத்தைப் பலருக்கும் பிடிக்க வைத்தது சிவகாசிதான். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. 1984-ல் லயன் காமிக்ஸ். மாயாவி நம்மூர் ஆசாமி இல்லை. பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் 1962-ல் பிறந்தவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். இதைப் படித்துவிட்டு ப்ளக் பாயிண்ட்டை ஏக்கமாகப் பார்த்த பையன்கள் எத்தனை பேரோ!

அந்தப் புத்தகங்கள் பத்திரப்படுத்தி வைப்பதற்கென்று அச்சடித்தவை அல்ல. மட்டமான தாள், துருப்பிடிக்கிற பின். முழுப்பரீட்சை வந்தால் அம்மா மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிடுவார். விஷயமே இங்கேதான் இருக்கிறது. நாற்பது வயதில் ஒருவர் பழைய புத்தகக் கடையில் தூசிக்கு நடுவே குந்தி உட்கார்ந்து தேடுவது கதையை அல்ல. கதை மறுபதிப்பாக வந்தாயிற்று, அவர் அலமாரியிலேயே இருக்கிறது. எடைக்குப் போன அந்தப் புத்தகம்தான் வேண்டும். கிடைத்துவிட்டால் கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுப்பார். வீட்டில் பாதி விலை சொல்வார்.

அப்புறம் படிப்பாரா? மாட்டார். பிரித்தால் தாள் ஒடிந்துவிடுமே! பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பூட்டி வைப்பார். மகன் கேட்டால் மறுபதிப்பை எடுத்துக் கொடுப்பார்.